கடலுக்குப் பூட்டு போட்ட ஆண்டுகள்

செபு, பிலிப்பைன்ஸின் நடுப்பகுதியில் இருக்கும் பெரிய துறைமுக நகரம். 1521-இல் மெகல்லன் வந்திறங்கிய இடம் என்பதால், வெளியூர்க்காரர்கள் அவர் நட்டதாகச் சொல்லப்படும் சிலுவையைப் பார்க்கத்தான் முதலில் போவார்கள். நான் ஜீப்னி என்னும் சிற்றுந்து பிடித்து மம்பாலிங் என்ற கடலோரப் பகுதிக்குப் போனேன். அங்கே அலாஸ்கா என்று அழைக்கப்படும் குடியிருப்பின் கடைசி வரிசைகளில் பஜாவ் மக்கள் வாழ்கிறார்கள்.

கூடவே வந்த இளம்பெண் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். பள்ளியில் பாடம் நடத்துகிறார். தன் வீட்டில் பேசும் சினாமா மொழி, ஊர்மொழியான செபுவானோ, ஆங்கிலம் மூன்றும் அவருக்குச் சரளமாக வரும். நான் கேட்டதை அவர்களுக்கும் அவர்கள் சொன்னதை எனக்கும் அவர்தான் எடுத்துச் சொன்னார்.

கல் தளம் போட்ட சந்து ஓரிடத்தில் முடிந்தது. அதற்கப்பால் பலகை நடைபாதை. கீழே கலங்கிய தண்ணீரில் பிளாஸ்டிக் குப்பை மிதந்தது. இருபுறமும் மூங்கில் கால்களின்மேல் ஒட்டுப்பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய வீடுகள். ஒவ்வொன்றும் ஒரே அறைதான். வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிலர் வெயிலுக்காக முகத்தில் அரிசிமாவும் மஞ்சளும் குழைத்துப் பூசியிருந்தார்கள். பிள்ளைகள் பலகையிலிருந்து தண்ணீரில் குதித்து நீந்திக்கொண்டிருந்தார்கள்.

கொரோனாப் பெருந்தொற்றின்போது இம்மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எத்தனை பேருக்கு நோய் வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு எந்த அரசிடமும் கிடைத்துவிடும். அடைபட்டுக் கிடந்த அந்த மாதங்களில் அவர்கள் மனம் என்ன பாடுபட்டது என்பதைக் கணக்கேட்டில் பார்க்க முடியாது. நேரில் உட்கார்ந்து கேட்டால்தான் உண்டு.

பஜாவ் என்பது மற்றவர்கள் வைத்த பெயர். அவர்கள் தங்களைச் சாமா டிலாவுத், அதாவது கடலின் சாமா மக்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். தெற்கு பிலிப்பைன்ஸின் சூலு, தாவி-தாவி தீவுகள், மலேசியாவின் சபா மாநிலக் கரை, இந்தோனேசியாவின் சுலாவெசி என்று மூன்று நாடுகளின் கடலில் அவர்களுடைய சொந்தபந்தம் பரவிக் கிடக்கிறது. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்புவரை பலருக்குக் கரையில் வீடே கிடையாது. லெபா என்னும் கூரை வேய்ந்த படகில் பிறந்து, அதிலேயே சமைத்து, அதிலேயே பிள்ளை பெற்று வளர்த்தார்கள். இறந்தவரைப் புதைக்கக் கரைக்கு வருவார்கள்.

அவர்களுடைய உடல்கூடக் கடலுக்கு ஏற்ப அமைந்திருக்கிறது. சுலாவெசியில் வாழும் பஜாவ் மக்களை ஆராய்ந்து 2018-இல் ஒரு முடிவு வெளியானது. பக்கத்து ஊரில் உழவு செய்து வாழ்கிறவர்களைவிட அவர்களுடைய மண்ணீரல் சுமார் 50 விழுக்காடு பெரிதாக இருந்தது. மூச்சடக்கி மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கி, பிராணவாயு ஏந்திய சிவப்பணுக்களை ரத்தத்தில் விடுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கியவர்களின் மரபணுவிலேயே அதற்கான மாற்றம் பதிந்திருந்தது. உலக நாளேடுகள் எல்லாம் அதை வியந்து எழுதின. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதே மக்களைக் கடலுக்குப் போகாதே என்று கரையில் உட்கார வைத்தபோது, அதைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

செபுவுக்கு அவர்கள் தாமாக விரும்பி வந்துவிடவில்லை. 1970-களில் தெற்கே அரசுப் படைக்கும் மோரோ முஸ்லிம் போராளிகளுக்கும் போர் மூண்டது. 1974 பிப்ரவரியில் சூலுவின் ஹோலோ நகரமே எரிந்தது. கடற்கொள்ளையரின் தொல்லையும், வெடிவைத்து மீன்பிடித்ததால் பவளப்பாறைகள் அழிந்ததும் சேர்ந்துகொண்டன. சண்டை வந்தால் எதிர்த்து நிற்கிற வழக்கம் சாமா டிலாவுத் மக்களிடம் இல்லை. படகை அவிழ்த்துக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். 1960-களில் தாவி-தாவியில் அவர்களோடு தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் ஹாரி ஆர்லோ நிம்மோ இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். பூசல், பயம், பஞ்சம், நோய் என எது வந்தாலும் இடம் மாறுவதுதான் அவர்கள் கண்ட மருந்து. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பொதுமுடக்கம் அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பது புரியும்.

மம்பாலிங்கில் நான் முதலில் பேசியவர் முத்து விற்கும் பெண். கையில் பிடித்த கம்பியில் முத்துமாலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு துறைமுகத்திலும் விடுதி வாசல்களிலும் விற்கிறவர். இங்கே பலருக்கும் பிழைப்பு இப்படித்தான். சிலர் பழைய துணி விற்கிறார்கள். கப்பல் பயணிகள் எறியும் காசுக்காகப் பிள்ளைகள் துறைமுகத் தண்ணீரில் மூழ்குகிறார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால், தகர டப்பாவில் தோல் கட்டிய சிறு மேளத்தை அடித்துக்கொண்டு ஜீப்னியில் ஏறி, பயணிகளிடம் வெற்றுக் காகித உறைகளைக் கொடுத்துக் காசு கேட்கிறார்கள்.

2020 மார்ச் இறுதியில் செபு நகரம் மூடப்பட்டது. ஜீப்னிகள் நின்றன, பயணிகள் கப்பல்கள் நின்றன, சுற்றுலாக்காரர்கள் போய்விட்டார்கள். இம்மக்களுக்கு வருமானம் வந்துகொண்டிருந்த வழிகள் எல்லாம் ஒரே வாரத்தில் அடைபட்டன. ஏப்ரலில் அலாஸ்கா பகுதியிலேயே தொற்று பரவியதால் அது தனியாகவும் அடைக்கப்பட்டது. ஜூனில் செபு நாட்டிலேயே மோசமான தொற்று மையமாகி, ராணுவ வண்டிகள் தெருவுக்கு வந்தன. ஒரு வீட்டுக்கு ஓர் அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டுள்ளவர், அதுவும் குறித்த நாளில் மட்டும், வெளியே போகலாம். 21 வயதுக்குட்பட்டவர்களும் 60-ஐத் தாண்டியவர்களும் வாசலைத் தாண்டக் கூடாது.

“எங்கள் வீட்டில் ஒன்பது பேர். ஓர் அறை. இரவில் கால் நீட்ட இடமில்லாததால் மாற்றி மாற்றித் தூங்கினோம்” என்றார் முத்துக்காரப் பெண். பசியைவிட வேறொன்று தன்னை அதிகம் வாட்டியதாகவும் சொன்னார். அவருடைய கணவர் பேச்சை நிறுத்திவிட்டார். காலையில் எழுந்து பலகை ஓரத்தில் உட்கார்ந்தால் இருட்டும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாராம். “அவருக்கு நோய் இல்லை. ஆனால் அவர் எங்களோடு இல்லை” என்றார். பக்கத்து வீட்டுப் பெண் தூக்கம் போனதைச் சொன்னார். இன்னொருவர், வெள்ளை உடையில் முகம் மூடி வந்த சுகாதாரக் குழுவைக் கண்டு பிள்ளைகள் படுக்கைக்கடியில் ஒளிந்துகொண்டதையும், அதன்பின் மாதக்கணக்கில் இரவில் அலறி எழுந்ததையும் சொன்னார். தனிமை மையத்துக்குக் கொண்டுபோனவர்கள் உயிரோடு திரும்ப மாட்டார்கள் என்ற பேச்சு பரவியிருந்தது. அதனால் காய்ச்சல் வந்தவர்கள் வாய் திறக்கவில்லை.

அரசு உதவி வராமல் இல்லை. 2020 மார்ச்சில் நிறைவேறிய அவசரச் சட்டத்தின்படி சுமார் 1 கோடியே 80 லட்சம் குடும்பங்களுக்கு, பகுதிக்கு ஏற்ப 5,000 பெசோ முதல் 8,000 பெசோ வரை கொடுக்கப்பட்டது. பட்டியல் தயாரித்தவை நம்மூர் வார்டு போன்ற பரங்காய் அமைப்புகள். பட்டியலில் ஏற அடையாளச் சான்று வேண்டும், நிலையான முகவரி வேண்டும். பஜாவ் மக்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. வீட்டில் பிறந்தவர்கள், படகில் பிறந்தவர்கள், ஊர் ஊராகப் போனவர்கள். பணம் கிடைத்த வீடும் கிடைக்காத வீடும் ஒரே பலகை வரிசையில் இருந்தன. கிடைக்காத வீட்டுக்காரர் ஒருவர், “பணம் போகட்டும். பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு ‘நீ இல்லை’ என்றார்கள். இங்கே நின்றுகொண்டிருக்கிறேன், இல்லை என்கிறார்கள்” என்றார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைச் சொல்லும்போது அவருடைய குரல் கம்மியது.

பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் அந்நாட்டில் 1978 முதல் இருக்கிறது. தொற்றுக் காலத்தில் அதோடு பழியும் சேர்ந்தது. தெருவில் திரிகிறவர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். கடைக்காரர்கள் விரட்டினார்கள், வரிசையில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் விலகிப் போனார். ஏற்கெனவே அழுக்கானவர்கள், படிக்காதவர்கள் என்று கேட்டுப் பழகியவர்கள் மேல் இப்போது நோய்க்காரர்கள் என்ற பெயரும் விழுந்தது. தொற்று போய்விட்டாலும் அந்தக் கூச்சம் போகவில்லை என்றார் ஆசிரியை. அவருடைய மாணவர்களில் சிலர் இன்றும் பஜாவ் என்று சொல்லிக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

இதெல்லாம் முடியும் முன்பே, 2021 டிசம்பர் 16 அன்று ஒடெட் சூறாவளி செபுவைத் தாக்கியது. கடலோரக் குடிசைகள் பெயர்ந்து போயின, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. விலகி இருங்கள் என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லப்பட்டவர்கள் புயலுக்குப் பின் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு படுத்தார்கள். “அன்றிரவுதான் நன்றாகத் தூங்கினோம்” என்று ஒரு கிழவி சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

செபுவிலிருந்து நான் தெற்கே சம்போவாங்கா நகருக்குப் போனேன். வண்ணப் பாய் விரித்த விண்டா படகுகளுக்குப் பெயர்போன ஊர். 1635-இல் ஸ்பானியர் கட்டத் தொடங்கிய பிலார் கோட்டைச் சுவரை ஒட்டி நடந்தால், சிறிது தூரத்தில் ரியோ ஓண்டோ, மரிக்கி என்ற கடலோரக் குடியிருப்புகள். ஒரு காலத்தில் தண்ணீர்மேல் நெருக்கமாக நின்ற சாமா, தாவ்சூக் மக்களின் வீடுகள் அங்கே இருந்தன.

2013 செப்டம்பர் 9 அன்று ஆயுதக் குழு ஒன்று நகருக்குள் புகுந்தது. ராணுவத்தோடு சுமார் மூன்று வாரம் நடந்த சண்டையில் ஏறத்தாழ 10,000 வீடுகள் எரிந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். பஜாவ் மக்களில் பலர் காவா-காவா கடற்கரைச் சாலையோரத்தில் கூடாரம் போட்டார்கள். விளையாட்டரங்கில் அடைந்தவர்கள் அதைவிட அதிகம். முகாம்களில் வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். பின்னர் மம்பாங் பகுதியில் மாசெப்லா என்ற தற்காலிகக் குடியிருப்புக்குப் பல குடும்பங்கள் மாற்றப்பட்டன. வரிசை வரிசையாக அறைகள், சுற்றிலும் மண். படகு கட்ட இடமில்லை, கடலுக்குப் போக வண்டிக்காசு வேண்டும்.

அதனால் சம்போவாங்காவில் நான் பேசியவர்கள் யாரும் பெருந்தொற்றைத் தனியாகச் சொல்லவில்லை. 2013-இலிருந்துதான் ஆரம்பித்தார்கள். ஊரடங்கு என்ற சொல்லை அவர்கள் முதலில் கேட்டது சண்டையின்போது. 2020-இல் மறுபடியும் சோதனைச்சாவடியும் துப்பாக்கியும் ஒலிபெருக்கியும் தெருவுக்கு வந்தபோது, அது கிருமிக்காக என்று மூளைக்குத் தெரிந்தாலும் உடம்பு பழைய பயத்துக்குப் போய்விட்டது. முகாமில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், அந்த மாதங்களில் மூட்டை கட்டி வாசலோரம் வைத்துக்கொண்டே படுத்ததாகச் சொன்னார். எங்கே போவதற்கு என்று அவருக்கே தெரியாது.

பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடின. குறைந்த எண்ணிக்கையில் சில பள்ளிகள் திறந்ததே 2021 நவம்பரில்தான். இடைப்பட்ட காலத்தில் அச்சிட்ட பாடத்தாள்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, பெற்றோர் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். எழுத்தறியாத பெற்றோர் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? கணக்குத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்த தன்னைப் பார்த்து மகள் சிரித்ததையும், அன்றிரவு தான் அழுததையும் ஒரு தகப்பன் சொன்னார். முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் பலர் அத்தோடு நின்றுவிட்டார்கள். அந்தப் பெற்றோரைப் படிப்பு நின்ற கவலையோடு, தாங்கள் எதற்கும் உதவாதவர்கள் என்ற எண்ணமும் அரித்தது.

சாவு வந்த வீடுகளின் நிலை இன்னும் கடினம். கொரோனாவில் இறந்தவரைப் 12 மணி நேரத்துக்குள் அடக்கம் செய்ய வேண்டும் என்பது விதி. சொந்தக்காரர்கள் கூடக் கூடாது. சாமா டிலாவுத் நம்பிக்கையில் முன்னோர் எங்கும் போய்விடுவதில்லை. உம்போ என்று அவர்களை அழைக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், உம்போவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோமா என்றுதான் முதலில் யோசிப்பார்கள். முறைப்படி அனுப்பி வைக்காத சாவு, வீட்டில் இருப்பவர்களை நோயாக வந்து பிடிக்கும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. “அப்பாவை நாங்கள் குளிப்பாட்டவில்லை” என்றார் ஒருவர். வேறெதுவும் சொல்லவில்லை. அவசரமாகப் புதைத்த ஒவ்வொரு சாவும் அந்த வீட்டில் ஆறாமல் கிடக்கிறது.

அவர்களிடம் மனநோய்க்கு மருந்தே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜின் எனப்படும் சாமியாடிகள், ஆண்களும் பெண்களும், அங்கே உண்டு. குலிந்தாங்கான் என்ற வெண்கலச் சேகண்டி வரிசையைத் தட்டி இசைக்க, விரல்களைப் பின்னோக்கி வளைத்து மெதுவாக ஆடும் இகால் ஆட்டத்தில் அவர்கள்மேல் முன்னோர் இறங்குவார்கள். நோயுற்றவரை நடுவில் வைத்து ஊரே சுற்றி நிற்கும். புதுநெல் வந்த காலத்தில் உறவெல்லாம் சேர்ந்து அரிசி பொங்கி உம்போவுக்குப் படைப்பார்கள். கொள்ளைநோய் பரவினால் செய்யும் சடங்கு ஒன்றையும் நிம்மோ எழுதியிருக்கிறார். சிறிய படகு ஒன்று கட்டி, சாமியாடிகள் அதைக் குடியிருப்பு முழுக்கக் கொண்டுபோய், நோயைக் கொண்டுவந்த ஆவிகளை அதில் ஏற்றி, நடுக்கடலுக்கு இழுத்துப்போய் விட்டுவிடுவார்கள்.

கிருமியை இது கொல்லாது. மருத்துவமனையும் தடுப்பூசியும் செய்கிற வேலை வேறு. ஆனால் பயந்து கிடக்கும் ஊருக்கு, இது நமக்கு எல்லாருக்கும் வந்த துன்பம், எல்லாரும் சேர்ந்து இதை அனுப்பிவிட்டோம் என்ற தெம்பை அந்தப் படகு கொடுக்கும். 2020-இல் தடை செய்யப்பட்டது கூட்டம். கூட்டமாகச் சேர்வதுதான் அவர்களுடைய வைத்தியம். தொற்றுநோயியல்படி தடை சரிதான். அந்தத் தடையால் அவர்கள் எதை இழந்தார்கள் என்பதைக் கேட்டறிந்து, அதன் இடத்தில் வேறொன்றைக் கொடுக்க யாரும் முயலவில்லை என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. திறந்த கரையில் இடைவெளி விட்டு நின்று ஒரு சடங்கு செய்ய வழி யோசித்திருக்கலாம்.

பிலிப்பைன்ஸில் 2018-இல் மனநலச் சட்டம் வந்தது. 2019-இல் தேசிய மனநல உதவித் தொலைபேசி தொடங்கியது. நல்ல காரியங்கள்தான். ஆனால் கைப்பேசியில் காசு இல்லாத, சினாமா மட்டுமே பேசத் தெரிந்த, தன் பயத்தை உம்போவின் கோபமாகப் புரிந்துகொள்கிற ஒரு கிழவிக்கு அந்தத் தொலைபேசியால் என்ன பயன்? அவள் மொழியில், அவள் உறவுமுறையில், அவள் வாசலில் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும்.

சம்போவாங்காவிலிருந்து தாவி-தாவி மாகாணத்தின் தலைநகரான போங்காவுக்கு இரவுக் கப்பல். திறந்த தளத்தில் அடுக்குக் கட்டில்கள், அரிசி மூட்டைகளும் கோழிக் கூடைகளும் இடுக்குகளில். விடிந்தபோது போங்காவ் மலை தெரிந்தது. அதன் உச்சியில் இஸ்லாம் கொண்டுவந்த பெரியவர்களின் அடக்கத்தலங்கள் இருக்கின்றன. வேண்டுதல் செய்ய ஏறுகிறவர்கள் வழியில் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். தொற்றுக் காலத்தில் மனம் நொந்தபோதெல்லாம் இந்த மலையைப் பார்த்துத்தான் பிரார்த்தித்ததாகத் துறைமுகத்துச் சுமைதூக்கி ஒருவர் சொன்னார்.

இங்கே கடல் இன்னும் அவர்களுடையது. மூங்கில் கால் வீடுகளுக்குக் கீழே தண்ணீர் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு வீட்டடியிலும் படகு கட்டியிருக்கிறது. மேடைகளில் அகல்-அகல் என்னும் கடற்பாசி காய்கிறது. ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை கெட்டிப்படுத்தப் பயன்படும் கராஜீனனை இதிலிருந்துதான் எடுக்கிறார்கள். பெண்கள் தாழை ஓலைக்குச் சாயமேற்றிப் பாய் பின்னுகிறார்கள். இந்த மாகாணத்தின் சாமா பாய்க் கலைஞர் ஹாஜா அமினா அப்பிக்கு 2004-இல் மரபுக் கலைஞர்களுக்கு நாடு தரும் ‘வாழும் தேசியச் செல்வம்’ விருது கிடைத்தது. எனக்கு ஒரு வீட்டில் மரவள்ளிக்கிழங்கு புட்டும், கடல்முள்ளெலி ஓட்டுக்குள் அரிசி வைத்து வேகவைத்த ஓக்கோ-ஓக்கோவும் கொடுத்தார்கள்.

தொற்று இவர்களையும் விடவில்லை. அரிசி, சர்க்கரை முதல் எண்ணெய் வரை பலவும் சபாவிலிருந்து படகில் வருபவை. 2020 மார்ச்சில் மலேசியா எல்லையை மூடியதும் வரத்து நின்றது, விலை ஏறியது. கடற்பாசி வாங்க வியாபாரிகள் வரவில்லை. அக்கரை செம்போர்னாவில் மகள், இக்கரை சித்தாங்காயில் தாய் என்று பிரிந்து கிடந்தார்கள். ஆனாலும் செபுவில் நான் கேட்ட வகையான பேச்சு இங்கே இல்லை. கரையில் அதட்டினால் படகை எடுத்துக்கொண்டு பவளத்திட்டுப் பக்கம் போய் நாட்கணக்கில் தங்கிவிட்டதாக ஒரு முதியவர் சொன்னார். “நோய் கரையில் இருந்தது. நாங்கள் கடலில் இருந்தோம்” என்றார். மீன், சங்கு, மரவள்ளி எல்லாவற்றையும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். கையில் காசில்லை, வயிறு காயவில்லை. முக்கியமாக, செய்வதற்கு வேலை இருந்தது. விடியற்காலையில் எழுந்து போக ஓர் இடம் இருந்தது.

மூன்று ஊர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபின் எனக்குத் தெளிவானது இதுதான். ஒரே இனம், ஒரே மொழி, ஒரே நோய். கடலை விட்டு எவ்வளவு தூரம் தள்ளப்பட்டார்களோ, உறவுகளைவிட்டு எவ்வளவு பிரிக்கப்பட்டார்களோ, அந்த அளவுக்கு அவர்கள் மனம் உடைந்திருக்கிறது. போங்காவில் படகோடு இருந்தவர் நிமிர்ந்து பேசினார். மாசெப்லாவில் மண்ணுக்கு நடுவே வைக்கப்பட்டவர் மூட்டையோடு உறங்கினார். மம்பாலிங்கில் நகரத்தின் காசை நம்பி இருந்தவர் பேச்சையே மறந்தார். மனநலம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது அவர்களுக்குத் தனியாக ஒரு மருத்துவரிடம் போய் வாங்குவதல்ல. மீன்பிடிக்கப் போவது, சேர்ந்து சாப்பிடுவது, செத்தவரை முறையாக அனுப்புவது, ஊர்ப் பட்டியலில் பெயர் இருப்பது ஆகிய எல்லாவற்றிலும் அது கலந்திருக்கிறது. தொற்றுக் காலத்து விதிகள் இவை நான்கையும் ஒரே நேரத்தில் பறித்தன.

சில நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. ஐ.நா. அகதிகள் ஆணையமும் யுனிசெஃப் அமைப்பும் பிலிப்பைன்ஸ் அரசோடு சேர்ந்து சாமா பஜாவ் மக்களின் பிறப்பைப் பதிவுசெய்யும் பணியைத் தொடங்கின. குடியிருப்புகளுக்கே அலுவலர்கள் வந்து பதிவு செய்கிறார்கள். தன் சான்றிதழை நெகிழி உறையில் போட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த ஒரு நடுவயதுக்காரர், வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார். செபு ஆசிரியை போலப் படித்து முடித்த இளைஞர்கள் தம் மக்களுக்காக வேலை செய்யத் திரும்பி வருகிறார்கள்.

அதே காலத்தில் எதிர்மாறான செயல்களும் நடக்கின்றன. 2024 ஜூனில் சபாவின் செம்போர்னா கடற்பூங்காவில், அங்கே பஜாவ் லாவுத் எனப்படும் இம்மக்களின் வீடுகளை அதிகாரிகள் இடித்தும் எரித்தும் அகற்றினார்கள். நூற்றுக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அவர்களில் பலர் எந்த நாட்டின் குடிமக்களும் அல்லர். ஆண்டுதோறும் ஏப்ரலில் அதே செம்போர்னாவில் லெபா படகுத் திருவிழா நடக்கிறது. அலங்கரித்த படகுகளைப் படமெடுக்க உலகமெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். படகை மட்டும் கொண்டாடிவிட்டு அதில் வாழ்ந்தவரை விரட்டுவது அநியாயம்.

தமிழ் வாசகர்களில் யாராவது அந்தக் கடற்கரைகளுக்குப் போக நேர்ந்தால், தண்ணீரில் நீந்தி வரும் பிள்ளைகளுக்குக் காசு எறிந்து வேடிக்கை பார்க்காதீர்கள். அவர்கள் அம்மா பின்னிய பாயை உரிய விலைக்கு வாங்குங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

அரசுகள் செய்ய வேண்டியவை இதைவிடப் பெரியவை, ஆனால் செய்ய முடியாதவை அல்ல. ஒவ்வொரு பஜாவ் குழந்தையின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். அவர்களைக் கடலிலிருந்து தள்ளி எங்கும் குடியமர்த்தக் கூடாது. நோய்த்தடுப்பு விதி எழுதும்போது சிறுபடகில் மீன்பிடிக்கப் போகிறவருக்கு வழி விட வேண்டும். சினாமா பேசும் சுகாதாரப் பணியாளர்களை அந்தச் சமூகத்திலிருந்தே எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். அவர்களுடைய சாமியாடிகளை எதிரியாகப் பார்க்காமல், மருத்துவரோடு உட்கார வைக்க வேண்டும். அடுத்த பெருந்தொற்று வரும்போது இந்த ஏற்பாடுகள் தயாராக இருக்க வேண்டும். வந்தபின் செய்வதற்கு நேரம் இருக்காது என்பதை 2020 காட்டிவிட்டது.